பிடித்தவர் யார் என்று கேட்டார்கள்

அந்தச் சீட்டில் ஆட்டக்காரர் என்று போட்டிருந்த இடத்துக்கு எதிரே ஒரு பெயர் இருந்தது. பயிற்சியாளர் என்று போட்டிருந்த இடத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் வெறுமைதான். "விட்டுப்போச்சா?" என்று மகளைக் கேட்டார். "விட்டுப்போகலப்பா, விட்டிருக்கேன்" என்றார் மகள். அவர்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் எனக்குள் அந்தப் பதில் இந்தத் தமிழில்தான் பதிந்திருக்கிறது. 2018 நவம்பர், நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம். அன்று மதியம்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி அயோவாவிடம் கடைசி விநாடியில் உதைக்கப்பட்ட ஒரு பந்தால் 31–28 என்று தோற்றிருந்தது. அந்தத் தோல்வி இரண்டு நாளில் மறந்துபோனது. சீட்டில் இருந்த அந்தக் காலி இடம் இன்றுவரை என்னை விடவில்லை.

நான் 2013-இல் முனைவர் பட்டத்துக்காக லிங்கனுக்குப் போனவன். மண்ணும் பாசனமும் என் பாடம். தங்கியது ஒரு வீட்டின் பேஸ்மென்டில். வீட்டுக்காரர்தான் அந்தப் பெரியவர், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்த வீட்டில் ஆண்டுதோறும் ஒரு வழக்கம் உண்டு. நன்றி நவிலலுக்கு மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள், மருமக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், என்னைப் போல் ஊருக்குப் போக முடியாத மாணவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒரு கிண்ணத்தில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி, அதற்குத் தொட்டுக்கொள்ள பட்டை வாசம் வீசும் சினமன் ரோல். காரத்துக்கு இனிப்பா என்று வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டிலிருந்தே அது அப்படித்தான். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க வகை) வரலாறு முழுவதிலும் உனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர், பயிற்சியாளர் ஒருவர். எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம், எந்தக் காலமாகவும் இருக்கலாம். பெரியவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படிப்பார், எழுதியவர் காரணம் சொல்ல வேண்டும். படித்த சீட்டுகளை ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பாவில் நாற்பது வருடச் சீட்டுகள் கிடந்தன.

கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. இருப்பது ஒரு பல்கலைக்கழகமும் அதன் செந்நிற அணியும். 1962 நவம்பரிலிருந்து அந்த மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் மைதானத்துக்குள் இருக்கும் கூட்டத்தை ஓர் ஊர் என்று எண்ணினால், ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான். மைதானத்தின் வெளிச்சுவரில் ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதிக்கொடுத்த வரிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: வெற்றியல்ல, செயல், இலக்கல்ல, ஆட்டம். எதிரணி ஜெயித்துவிட்டுப் போனாலும் எழுந்து நின்று கைதட்டி அனுப்புகிற கூட்டம் அது. நானே கைதட்டியிருக்கிறேன், தொண்டை அடைக்க.

முதல் வருடம் நான் தயாராகப் போனேன். நூலகத்தில் உட்கார்ந்து புள்ளிவிவரங்களைப் புரட்டி, ஆட்டக்காரர் பாரி சாண்டர்ஸ், பயிற்சியாளர் நிக் சேபன் என்று எழுதினேன். சாண்டர்ஸ் 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்காகப் பதினோரு ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடியவர், பருவம் முடிந்தபின் நடக்கும் 'பௌல்' என்ற சிறப்பு ஆட்டத்தைச் சேர்க்காமலே. சேபனுக்கு அப்போதே நான்கு தேசியப் பட்டங்கள், பிறகு அது ஏழானது. மறுக்க முடியாத பெயர்கள் என்று நினைத்தேன். பெரியவரும் மறுக்கவில்லை. "சாண்டர்ஸ் ஆடி நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்றேன். "சேபன் தோற்ற அன்றைக்கு உனக்குச் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் இவர்கள் சிறந்தவர்கள். நான் கேட்டது வேறு" என்று சொல்லிச் சீட்டை டப்பாவில் போட்டார். குரலில் கேலி துளியும் இல்லை. ஒரு வார்த்தையின் பொருளைத் திருத்திக்கொடுக்கும் ஆசிரியரின் பொறுமைதான் இருந்தது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழ் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று தோன்றியது. நாம் "நான் இவரைப் பிடித்தேன்" என்று சொல்வதில்லை, "எனக்கு இவரைப் பிடிக்கும்" என்கிறோம். சளி பிடிப்பதைப்போல, பித்துப் பிடிப்பதைப்போல, மழை பிடித்துக்கொள்வதைப்போல, அது நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. சிறந்தவரைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். பிடித்தவர் விஷயத்தில் கணக்கு முடிந்த பிறகும் மனசு எங்கேயோ நின்றுகொண்டிருக்கும். எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது.

31–30

பெரியவரின் சீட்டில் பயிற்சியாளர் பெயர் எந்த வருடமும் மாறியதில்லை. டாம் ஆஸ்போர்ன். 1973 முதல் 1997 வரை இருபத்தைந்து பருவங்கள், 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு பருவத்தில்கூட ஒன்பது வெற்றிக்குக் குறைந்தது கிடையாது. கடைசி நான்கு ஆண்டுகளில் மூன்று தேசியப் பட்டம். இவ்வளவும் இருக்க, பெரியவர் காரணமாகச் சொன்னது ஒரு தோல்வியை.

1984 ஜனவரி 2, மயாமியில் ஆரஞ்ச் பௌல். அந்தப் பருவம் முழுவதும் நெப்ராஸ்காதான் முதலிடம், ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அன்றைக்கெல்லாம் பட்டத்துக்கென்று தனி இறுதி ஆட்டம் கிடையாது. பருவம் முடிந்ததும் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் போடும் ஓட்டில்தான் தேசியப் பட்டம் தீர்மானமாகும். இரண்டாம் இடத்திலிருந்த டெக்சாஸ் அன்று பகலிலேயே ஜார்ஜியாவிடம் 10–9 என்று தோற்றுவிட்டது. ஆகவே நெப்ராஸ்கா தோற்காமல் இருந்தாலே போதும். ஆனால் மயாமி தன் சொந்த மைதானத்தில் பொளந்துகட்டியது. அந்தப் பருவத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய மைக் ரோசியர் காயத்தோடு வெளியே போனார். கடைசிப் பகுதியில் 31–17 என்று பின்தங்கியிருந்து, நெப்ராஸ்கா ஒரு டச்டவுன் போட்டு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் ஆறு புள்ளி), கூடுதல் உதையில் ஒரு புள்ளியும் சேர்த்து 31–24 ஆக்கியது. பிறகு 48 விநாடி மிச்சமிருந்தபோது, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில், ரோசியருக்குப் பதிலாக வந்த ஜெஃப் ஸ்மித் 24 யார்டு ஓடிப்போய் இன்னொன்று போட்டார். 31–30.

இப்போது ஆஸ்போர்ன் முன்னால் இரண்டு வழி. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் ஒரு புள்ளி, அநேகமாகத் தவறாது. 31–31 சமன். அப்போது கூடுதல் நேரம் என்ற ஏற்பாடே கிடையாது, சமன் என்றால் சமன்தான். பட்டம் நெப்ராஸ்காவுக்கு வந்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இல்லையென்றால் மூன்று யார்டு தூரத்திலிருந்து மறுபடி ஒருமுறை எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் இரண்டு புள்ளி, வெற்றி. முடியாவிட்டால் தோல்வி. ஆஸ்போர்ன் அப்போது பதினோரு பருவம் முடித்திருந்தவர், ஒரு தேசியப் பட்டமும் வாங்காதவர், பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர் என்ற பேச்சைக் காதால் கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டர்னர் கில் வலப்பக்கமாக ஓடி ஸ்மித்தை நோக்கிப் பந்தை எறிந்தார். மயாமியின் கென்னி கால்ஹூன் கையை நீட்டினார். அவர் விரல்நுனி பட்டுப் பந்து திசைமாறி விழுந்தது. பட்டம் மயாமிக்குப் போனது.

பெரியவர் அதை லிங்கனுக்கு மேற்கே இருந்த தன் அப்பாவின் பண்ணைவீட்டில் பார்த்தாராம். அது விவசாயிகள் கடனில் நொறுங்கிக்கொண்டிருந்த காலம். வட்டி ஏறியபடி, நிலத்தின் விலை இறங்கியபடி. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வருடத்தில் தலைநிமிர்ந்து பேச இருந்தது அந்த அணி ஒன்றுதான். பந்து கீழே விழுந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, மாடுகளைப் பார்க்கக் கொட்டகைக்குப் போய்விட்டார். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "அந்தப் பையன் இன்னிக்குத் தூங்கமாட்டான்." ஆஸ்போர்னைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. "உதைத்திருக்கலாம் என்று அப்பா சாகும்வரை ஒருநாளும் சொன்னதில்லை. உதைத்து வாங்கின பட்டமாயிருந்தால் எங்கள் வீட்டில் அதைப்பற்றி இத்தனை நாள் பேசியிருக்க மாட்டோம்" என்பார் பெரியவர்.

நான் கேட்ட முதல் தடவையே அந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1995 ஜனவரி 1-ஆம் தேதி, அதே மைதானத்தில் அதே மயாமியை 24–17 என்று தோற்கடித்துத்தான் ஆஸ்போர்ன் தன் முதல் பட்டத்தை வாங்கினார் என்பது இன்னும் பிடித்துக்கொண்டது. 2016-இலிருந்து என் சீட்டிலும் பயிற்சியாளர் பெயர் அதுதான்.

பதினெட்டாம் எண்

ஆட்டக்காரர் பெயர் எனக்கு அந்த வீட்டு அம்மாவிடமிருந்து வந்தது. 1990-களின் நெப்ராஸ்கா என்றால் டாமி ஃப்ரேசியர்தான். இரண்டு பட்டங்களுக்கு அணியை நடத்திச் சென்ற குவார்ட்டர்பேக். 1996 ஜனவரியில் ஃபியஸ்டா பௌலில் ஃபுளோரிடாவை 62–24 என்று அடித்து நொறுக்கியபோது, பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக உதறிக்கொண்டு அவர் ஓடிய 75 யார்டு ஓட்டத்தை இன்றும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். அம்மாவின் சீட்டில் இருந்தது அவர் பெயரல்ல, அவருக்கு மாற்றாக வந்தவரின் பெயர்: புரூக் பெரிஞ்சர்.

1994-இல் ஃப்ரேசியர் காலில் இரத்தக்கட்டி வந்து படுத்துவிட்டார். கேன்சஸ் மாநிலத்தின் குட்லேண்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்திருந்த பெரிஞ்சர் உள்ளே இறங்கினார். வயோமிங்குடன் ஆடியபோது விலாவில் அடிபட்டு அவருடைய நுரையீரல் ஒன்று சுருங்கிப்போனது. அவர் தேறி வருவதற்குள் கேன்சஸ் ஸ்டேட்டுடனான ஆட்டத்தைத் தொடங்க மேட் டர்மன் என்ற பையனை அனுப்ப வேண்டியதாயிற்று. டர்மன் உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேரும் 'வாக்-ஆன்' வகை ஆட்டக்காரர். பெரிஞ்சர் திரும்பி வந்து, இரண்டாமிடத்திலிருந்த கொலராடோவை 24–7 என்று வீழ்த்தினார். அணி அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஆனால் ஃப்ரேசியர் குணமாகி வந்ததும், ஆரஞ்ச் பௌலில் ஆட்டத்தைத் தொடங்கியதும் முடித்ததும் ஃப்ரேசியர். அடுத்த வருடம் முழுக்க பெரிஞ்சர் ஓரத்து பெஞ்சில். முணுமுணுப்பு ஏதும் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அப்போது ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து வாசித்த அந்த உயரமான பையனை அவர் பார்த்திருக்கிறார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் கல்லூரிகளிலிருந்து ஆட்களை எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், 1996 ஏப்ரல் 18-ஆம் தேதி, பெரிஞ்சர் ஓட்டிய சிறு விமானம் லிங்கனுக்கு வடக்கே ஒரு வயலில் விழுந்தது. அவருக்கு வயது 22.

மைதானத்துக்கு வெளியே இன்று ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 18-ஆம் எண் சட்டையோடு பெரிஞ்சர், பக்கத்தில் ஆஸ்போர்ன். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ நட்சத்திரங்களை ஆடவைத்த ஒருவரைச் சிலையாக வைத்தவர்கள், அவர் பக்கத்தில் நிறுத்தத் தேர்ந்தெடுத்தது மாற்று ஆட்டக்காரனை. எனக்குத் தெரிந்து ஒரு ஊர் தன் மனசை இவ்வளவு வெளிப்படையாக எங்கும் வெண்கலத்தில் வார்த்து வைத்ததில்லை. ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு நடந்துவரும்போது வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வருவேன்.

காலி இடம்

2018-இல் என் சீட்டுதான் முதலில் வந்தது. பெரிஞ்சர், ஆஸ்போர்ன். நான் எழுந்து 48 விநாடிக் கதையைச் சொன்னேன். பெரியவரின் அப்பா கொட்டகைக்குப் போனதையும் சேர்த்து, எனக்கு இருந்த அத்தனை ஆசையோடும் சொன்னேன். லூசியானாவிலிருந்து வந்திருந்த என் ஆய்வக நண்பர், தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலத்திலிருந்து கிராம்ப்ளிங் கல்லூரியில் பயிற்சி கொடுத்த எடி ராபின்சனைச் சொன்னார். 1941-இல் தொடங்கி 1997-இல் ஓய்வு, 408 வெற்றி. நண்பரின் தாத்தா அவரிடம் ஆடியவர். அறை முழுக்க நிறைந்திருந்தது. அதற்கு அடுத்து வந்ததுதான் மகளின் சீட்டு. ஆட்டக்காரர்: டாமி ஃப்ரேசியர். பயிற்சியாளர்: காலி.

மகளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறு ஊர் ஒன்றில் செவிலியாக இருக்கிறார். அதிகம் பேசாதவர். 1995-இல் அவர் லிங்கனில் இரண்டாம் ஆண்டு மாணவி, விடுதியில் தங்கிப் படித்தவர். அன்று அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

1995 செப்டம்பரில் அணியின் முன்னணி ஓட்டக்காரர் லாரன்ஸ் ஃபிலிப்ஸ், தன்னோடு முன்பு பழகிய ஒரு பெண்ணைத் தாக்கி, படிக்கட்டில் இழுத்துக்கொண்டுபோன வழக்கில் கைதானார். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழக மாணவி. ஆஸ்போர்ன் அவரை ஆறு ஆட்டங்களுக்கு வெளியே நிறுத்தினார், பிறகு சேர்த்துக்கொண்டார். ஃபியஸ்டா பௌலில் ஃபிலிப்ஸ்தான் தொடக்க ஆட்டக்காரர், 165 யார்டு ஓடினார். "எங்க விடுதியில அந்த வாரம் யாரும் தனியா நடக்கல. அவளை எல்லாருக்கும் தெரியும். அவ வகுப்புக்குப் போகணும், அவனும் அதே வளாகத்துல இருப்பான். ஊரே பேசினது ஒரே ஒரு விஷயத்தைத்தான், அவன் எப்போ திரும்பி வருவான்னு" என்றார் மகள்.

பெரியவர் குறுக்கிட்டார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பையன் பெற்றோர் அரவணைப்பில்லாமல் கலிஃபோர்னியாவில் காப்பகத்தில் வளர்ந்தவன், ஆட்டத்தையும் பறித்துவிட்டால் அவனைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது என்று ஆஸ்போர்ன் நினைத்தார், அதைப் பகிரங்கமாகச் சொன்னார், நாடு முழுவதும் திட்டியதையும் வாங்கிக்கொண்டார் என்றார். ஜெயிப்பதற்காகச் செய்தார் என்பது பொய், அவன் இல்லாத ஆறு ஆட்டத்தையும் அணி ஜெயித்ததே என்றார். "அவன் இல்லாமலே ஜெயிக்க முடிஞ்சதுன்னா, அவனைக் கொண்டுவராமலும் இருந்திருக்கலாமேப்பா" என்றார் மகள்.

யாரும் கரண்டியைக்கூட அசைக்கவில்லை. மகள் தொடர்ந்தார். "அவர் கெட்டவர்னு நான் சொல்லல. அந்தப் பையனை உண்மையிலேயே காப்பாத்தத்தான் நினைச்சிருப்பார். ஆனா அந்த வளாகத்துல ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க. அவர் ஒருத்தனுக்கு மட்டும் கோச்சா இருந்தார். நான் ஒவ்வொரு வருஷமும் உங்களுக்காக அந்த இடத்துல அவர் பேரை எழுதினேன். இனிமே எழுத முடியல." பெரியவர் சீட்டை நான்காக மடித்து டப்பாவில் போட்டார். அடுத்த சீட்டை எடுத்தார். அதில் யார் பெயர் இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

அன்று எனக்கு வந்த முதல் எண்ணம், என் சீட்டை டப்பாவிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான். அந்தக் கதை எனக்குத் தெரியாததல்ல. ஃபிலிப்ஸ் பிறகு வேறு குற்றங்களுக்காக நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2016 ஜனவரியில் கலிஃபோர்னியச் சிறையிலேயே இறந்தபோது செய்திகளில் எல்லாம் வாசித்திருந்தேன். வாசித்த அதே ஆண்டின் நவம்பரில்தான் ஆஸ்போர்ன் பெயரை முதன்முதலாக எழுதியிருக்கிறேன். 1984-ஐ நான் ஒரு அறையிலும் 1995-ஐ இன்னொரு அறையிலும் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். அந்தப் பெண்மணி நடுவிலிருந்த கதவைத் திறந்தார்.

ஒரே மனிதர்

அந்தக் குளிர்காலம் முழுவதும் இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். பெயரை அடித்துவிடுவது ஒரு வழி. 2012 ஜூலையில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஜோ பட்டர்னோவின் சிலையைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. அவருடைய முன்னாள் உதவிப் பயிற்சியாளர் சிறுவர்களிடம் செய்த கொடுமைகள் வெளிவந்த பிறகு நடந்தது அது. அவருடைய வெற்றிகளில் 111-ஐ ஏட்டிலிருந்தே நீக்கினார்கள், 2015-இல் திருப்பிக் கொடுத்தார்கள், கணக்கு மறுபடி 409 ஆனது. ஏட்டில் அழிக்கலாம், திருப்பி எழுதலாம். அவரைப் பிடித்துப்போயிருந்தவர்கள் உள்ளே என்ன செய்துகொண்டார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல, ஒன்றென்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். ஆனால் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

நெப்ராஸ்காவிலேயே எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1970-இல் ஜானி ராட்ஜர்ஸ் என்ற இளம் மாணவர் ஒரு பெட்ரோல் பங்க் கொள்ளையில் ஈடுபட்டு, அதற்காகத் தண்டனை பெற்றார். அப்போதைய பயிற்சியாளர் பாப் டெவானி அவரைக் கைவிடவில்லை. 1971-இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து அவர் 72 யார்டு திரும்பி ஓடிய அந்த ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்று இன்றும் பேசுகிறார்கள். 1972-இல் ஹைஸ்மன், 2013-இல் மாநிலத்தின் முறையான மன்னிப்பு. இரண்டாம் வாய்ப்பு என்பதை அந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. அதனால்தான் 1995-இல் அந்த ஊரால் அவ்வளவு சுலபமாக நம்ப முடிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் ராட்ஜர்ஸ் மீண்டும் ஆட வந்தபோது, அவரைப் பார்த்து வழிமாறி நடக்க வேண்டிய ஒரு மாணவி அந்த வளாகத்தில் இல்லை.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு சாயங்காலம், அந்தச் சிலையின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. 1984-இல் நான் ஆஸ்போர்னிடம் கண்டது என்ன? ஓட்டுப் போடுகிறவர்கள் என்ன நினைப்பார்கள், கணக்கு என்ன சொல்கிறது என்று பார்க்காமல், தனக்கு எது சரி என்று பட்டதோ அதைச் செய்த மனசு. 1995-இல் செய்ததும் அதே மனசுதான். ஊர் என்ன சொல்லும், பத்திரிகை என்ன எழுதும் என்று பார்க்காமல், தன் மனசாட்சி சொன்னதை நம்பி நடந்தார். நான் கும்பிட்ட குணமும் அந்தப் பெண்மணிக்குப் பொறுக்க முடியாமல் போன குணமும் ஒன்றே. வேறுபாடு, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. மயாமியில் விலையைக் கொடுத்தவர் அவர், அவரோடு விருப்பப்பட்டு நின்ற அணி. லிங்கனில் விலையைக் கொடுத்தவள், யாரும் ஒரு வார்த்தை கேட்காத ஒரு மாணவி. பக்கத்தில் வெண்கலமாக நிற்கும் பெரிஞ்சரைப் பார்த்தேன். அந்தப் பையன் வாழ்ந்தவரை தன் பங்குக்கான விலையைத் தானே கொடுத்தான், இன்னொருவர் தலையில் வைக்கவில்லை. அவன் பெயரை எழுதும்போது என் கை ஏன் ஒருநாளும் தயங்கியதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்போர்ன் பெயரை என்ன செய்வது? அடித்துவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அந்த 48 விநாடி என்னை விட்டுப் போகவில்லை, பிடித்தது பிடித்ததுதான். எழுதினால், பழையபடி பாதிக் கதை சொல்கிறவனாவேன். மகள் தன் சீட்டில் விட்ட காலி இடத்துக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதை என்ன என்பதுதான் அந்த ஆண்டு முழுவதும் என் கேள்வியாக இருந்தது. அவர் யாரிடமும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. தன் அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை.

2019 நவம்பர் 29. அன்றும் அயோவா. அன்றும் கடைசி விநாடி உதை, 27–24. நான் அப்போது படிப்பு முடிந்து ஒமாஹாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், சில்லிக்காகவும் சீட்டுக்காகவும் காரோட்டிக்கொண்டு வந்தேன். மகளும் வந்திருந்தார். வருவாரா என்று நான் சந்தேகப்பட்டிருந்தேன். பெரியவர் போன ஆண்டைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தார். தன் சீட்டை முதலில் படித்தார், அதே ஆஸ்போர்ன். காரணம் எதுவும் சொல்லாமல் டப்பாவில் போட்டார்.

மகளின் சீட்டை எடுத்தவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்: ஃப்ரேசியர். பயிற்சியாளர்: டர்னர் கில். 1984-இல் அந்தப் பந்தை எறிந்தவர். பிற்பாடு ஆஸ்போர்னின் உதவியாளராகத் திரும்பி வந்து ஃப்ரேசியருக்கும் பெரிஞ்சருக்கும் சொல்லிக்கொடுத்தவர். பிறகு பஃபலோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகி, யாரும் பொருட்படுத்தாதிருந்த அந்த அணியை 2008-இல் தன் கூட்டமைப்பின் பட்டத்துக்குக் கொண்டுபோனவர். 2018 டிசம்பரில், இதய நோயுள்ள மனைவியின் பக்கத்தில் இருப்பதற்காக வேலையை விட்டு ஓய்வுபெற்றவர். நாங்கள் போன ஆண்டு சீட்டு எழுதி இரண்டு வாரம்கூட ஆகாதபோது வந்த செய்தி அது. "அதைப் படிச்சப்போ தாத்தா சொன்னது ஞாபகம் வந்ததுப்பா" என்றார் மகள். "அந்தப் பையன் தூங்கமாட்டான்னு சொன்னாரே." பெரியவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்தது என் சீட்டு. ஆட்டக்காரர் பெரிஞ்சர். பயிற்சியாளர் ஆஸ்போர்ன் என்று எழுதி, அந்தப் பெயருக்குக் கீழே 1984 என்றும், அதற்குக் கீழே 1995 என்றும் எழுதியிருந்தேன். பெரியவர் பெயரைப் படித்தார். பிறகு இரண்டு ஆண்டுகளையும் சத்தமாகப் படித்தார்.